ஏட்டில் ஏறிய இரவுக் கதை

குழந்தையைத் துயிலச் செய்தற்கு நம் முன்னோர் கண்ட வழிகள் இரண்டு. ஒன்று தாலாட்டு, மற்றொன்று கதை. தாலாட்டு, தொட்டிற் பருவத்திற்கு உரியது. கதையோ, "பிறகு என்ன ஆயிற்று?" என்று கேட்கத் தெரிந்த பருவத்திற்கு உரியது. இரவில் சொல்லப்படும் இக்கதைகளில் விலங்குகளும் பறவைகளுமே மிகுதியாகப் பேசக் காண்கிறோம். தற்பெருமை தீது என்று நேரே கூறினால் குழந்தை முகம் சுளிக்கும். அதனையே தற்பெருமை கொண்ட தவளையின்மேல் ஏற்றிக் கூறினால், வாய்விட்டுச் சிரித்துக் கொண்டே கருத்தை ஏற்றுக் கொள்ளும்.

விலங்குக் கதைகள் நமக்குப் புதியன அல்ல. அரச குமாரர் மூவர்க்குக் கூறியனவாக அமைந்த பஞ்சதந்திரக் கதைகளைத் தாண்டவராய முதலியார் 1826ஆம் ஆண்டில் தமிழ் உரைநடையில் வெளியிட்டார். அதற்குப் பல நூற்றாண்டுகட்கு முன்னரே, திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்து வாழ்ந்த தொண்டரடிப்பொடியாழ்வார், சேதுவை அடைக்க உதவிய அணில்களைத் தம் திருமாலையில் போற்றியுள்ளார். இன்றும் திருச்சிராப்பள்ளிக் கே.கே. நகரில் மதில்மேல் ஓடும் அணிலைச் சுட்டி, அதன் முதுகிலுள்ள கோடுகளுக்குக் காரணம் கேட்கும் சிறுவனுக்குப் பாட்டி கூறும் விடை அந்த அணிற் கதையே அன்றோ?

ஆயினும், இல்லந்தோறும் இரவில் புதிது புதிதாகப் பிறக்கும் கதைகளுள் பெரும்பாலானவை, சொன்னவரோடும் கேட்டவரோடும் மறைந்து விடுகின்றன. அவ்வாறு மறையாமல் உலகிற்குக் கிடைத்த கதை ஒன்றின் வரலாற்றை இங்குக் காண்போம்.

கென்னத் கிரேயம் என்பவர் 1859ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். ஐந்து வயதில் தாயை இழந்த அவர், தேம்சு ஆற்றின் அருகே பாட்டியின் இல்லத்தில் வளர்ந்தார். ஆறும், அதன் கரையில் வாழும் சிற்றுயிர்களும் அவர் உள்ளத்தில் நீங்கா இடம் பெற்றன. பின்னர் அவர் இங்கிலாந்து வங்கியில் பணியேற்றுச் செயலாளராக உயர்ந்தார். அவருடைய ஒரே மைந்தன் அலஸ்டயர் 1900ஆம் ஆண்டில் பிறந்தான். அவனுக்குப் பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை. வங்கிக் கணக்கையும் கடமையையும் மறந்து, இரவில் அம்மைந்தனுக்கு அகழெலி, நீரெலி, தேரை ஆகியவற்றின் கதையைத் தந்தை கூறி வந்தார்.

1907ஆம் ஆண்டில் பெற்றோரும் மைந்தனும் சில திங்கள் பிரிந்திருக்க நேர்ந்தது. அலஸ்டயர் தன் ஆசிரியையுடன் கடற்கரை ஊர் ஒன்றில் தங்கினான். கதை அறுபடாதிருக்கும் பொருட்டுத் தந்தை அதனைக் கடிதங்களாக எழுதி அனுப்பினார். மோட்டார் வண்டியின்மேல் மோகங்கொண்ட தேரை சிறைப்பட்டதும், தப்பி ஓடியதும் கடிதந்தோறும் தொடர்ந்தன. படித்து முடித்ததும் கிழித்தெறியத் தக்க தாள்களே அவை. ஆனால் அந்த ஆசிரியை அவற்றின் அருமையை உணர்ந்து, காணாமற் போகாதவாறு அன்னையிடம் சேர்ப்பித்தார். அவர் அது செய்திலரேல் அக்கதை அன்றே அழிந்திருக்கும்.

அக்கடிதங்களை அடிப்படையாகக் கொண்டு, ஆற்றையும் காட்டையும் பற்றிய பகுதிகளைச் சேர்த்து, கிரேயம் ஒரு நூலை உருவாக்கினார். எழுதுவது ஒரு தொல்லை. வெளியிடுவது மற்றொரு தொல்லை. அவரிடம் எழுத்து வேண்டி முன்வந்த அமெரிக்க இதழே அதனை மறுத்தது. அவருடைய முந்திய நூல்களை வெளியிட்டவர்களும் ஏற்கவில்லை. இறுதியில் மெத்தூயன் என்னும் பதிப்பகத்தார் முன்பணம் ஏதும் தராமல் 1908ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியிட்டனர். 'தி விண்ட் இன் தி வில்லோஸ்' என்பது அந்நூலின் பெயர். ஆற்றோர மரங்களின் ஊடே வீசும் காற்று என்பது அதன் கருத்து. தொடக்கத்தில் திறனாய்வாளர் பலர் அதனைப் பாராட்டவில்லை. எனினும், அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த தியோடர் ரூசுவெல்ட், தம் குடும்பத்தாரின் தூண்டுதலால் படித்து மகிழ்ந்து, 1909ஆம் ஆண்டில் ஆசிரியர்க்குப் பாராட்டுக் கடிதம் எழுதினார். பின்னர் அந்நூல் பல பதிப்புகளைக் கண்டது.

கதை கேட்ட மைந்தனோ 1920ஆம் ஆண்டில், இருபது வயது நிரம்புவதற்குச் சில நாள் முன்னரே இறந்தான். தந்தை 1932ஆம் ஆண்டில் மறைந்தார். நூலின் வருவாய் உரிமையை அவர் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் போட்லியன் நூலகத்திற்கென எழுதி வைத்தார். மைந்தனுக்கு எழுதிய கடிதங்களும் அந்நூலகத்திலேயே இன்று பேணப்படுகின்றன. ஒரு குழந்தையைத் துயிலச் செய்யப் பிறந்த கதை, அக்குழந்தை மறைந்த பின்னரும் எண்ணற்ற குழந்தைகளை மகிழ்விக்கின்றது.

இவ்வரலாற்றில் மூவர் செயல் போற்றத்தக்கது. விடாது கதை கேட்டான் ஒருவன். சலியாது எழுதினார் ஒருவர். சிதையாது காத்தார் ஒருவர். இம்மூவருள் ஒருவர் இல்லையெனினும் நூல் இல்லை.

மாணவர்களே! காவிரியில் நீந்தும் நீர்நாயும், மாமரத்தில் கூவும் குயிலும் நம் இல்லத்துக் கதைகளிலும் உலவுகின்றன. தாயும் தந்தையும் பாட்டனும் பாட்டியும் கூறும் கதைகளைக் கேளுங்கள். கேட்டவற்றை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வையுங்கள். தம்பி தங்கையர்க்குப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் "பிறகு என்ன ஆயிற்று?" என்று கேட்பாராயின், அக்கதைக்கு அதனினும் சிறந்த பாராட்டு வேறில்லை.