கயிற்றைப் பிடித்திருப்பவர் யார்?

சென்ற மாசி மாதத்தில் ஒரு மாலை, சாயல்குடியில் எங்கள் வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்றார். "சார், என்னை அடையாளம் தெரிகிறதா?" என்று கேட்டார். தெரியவில்லை. பெயரைச் சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. 1990-களின் தொடக்கத்தில் என்னிடம் இளங்கலைப் பொருளாதாரம் பயின்றவர். நரிப்பையூர்ப் பக்கத்துப் பனையேறும் குடும்பத்துப் பிள்ளை. படிப்பு முடிந்து சில ஆண்டுகளில் ஒரு மிஷனரி அமைப்பில் சேர்ந்து ஒடிசாவின் மலைப்பகுதிக்குச் சென்றவர், 27 ஆண்டுகள் கழித்து மனைவியோடு ஊர் திரும்பியிருக்கிறார்.

ஒரு கையில் கருப்பட்டி நிறைந்த ஓலைக் கொட்டான். மறு கையில் நெகிழி உறையில் பழைய காகிதங்கள். "நீங்கள் கணக்குப் பார்த்துச் சொல்வீர்கள் என்று வந்தேன். இதில் எனக்கு வரவேண்டியது ஏதாவது இருக்கிறதா, சார்?" என்றார். காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். மாதப்படிச் சீட்டுகள், இடமாற்ற உத்தரவுகள், கடைசியாக ஒரு நன்றிக் கடிதம். வருங்கால வைப்புநிதி எண் இல்லை. பணிக்கொடை பற்றிய ஒரு வரியும் இல்லை. வரவேண்டியது எதுவும் இல்லை என்று சொல்வதற்கு எனக்கு வெகுநேரம் பிடித்தது.

நான் கிறிஸ்தவன் அல்லன். மதம் பரப்புவது தகுமா, தகாதா என்னும் வழக்கு நெடியது. அதை நான் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவரைப் பயிற்றுவித்து, மொழி தெரியாத தொலைதூர ஊருக்கு அனுப்பி, அங்கே அவரைத் தாங்குகிற பொறுப்பை யார் யார் எவ்வாறு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது பொருளாதாரம் படித்தவனுக்கும் உரிய கேள்விதான்.

எங்கள் கடற்கரையில் இதற்கு ஒரு பழைய விடை உண்டு. மன்னார் வளைகுடாவில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோனது. அந்தக் காலத்தில் கடலுக்குள் இறங்குபவனின் கயிற்றைப் படகில் இருந்து பிடிப்பவன் அவனுடைய மைத்துனனாகவே இருப்பான் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கயிறு நழுவினால் தாலியை இழப்பவள் அவனுடைய உடன்பிறந்தவள். பொறுப்பை ஏற்பவருக்கு அதில் சொந்த இழப்பும் இருக்க வேண்டும் என்பதைப் பொருளியலார் நாங்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். கடற்கரை அதை ஓர் உறவுமுறைக்குள் அடக்கிவிட்டது.

மிஷனரி வரலாற்றிலும் இந்தக் கயிறு வருகிறது. 1792-இல் இங்கிலாந்தின் கெட்டரிங் என்னும் சிற்றூரில் 13 பவுன், 2 ஷில்லிங், 6 பென்ஸ் வாக்குறுதியோடு ஒரு சங்கம் தொடங்கியது. அது வங்கத்துக்கு அனுப்பியவர் வில்லியம் கேரி. அவர் சுரங்கத்துக்குள் இறங்குகிறார், மேலே கயிற்றைப் பிடித்துக்கொள்வது நம் வேலை என்பதே அச்சங்கத்தின் செயலாளர் ஆண்ட்ரூ புல்லர் கையாண்ட உவமை. புல்லர் தம் வாழ்நாள் முழுவதும் கயிற்றை விடவில்லை என்பது உண்மை. ஆயினும் வங்கம் வந்த மறு ஆண்டே கையிலிருந்த காசு தீர்ந்து, கேரி ஓர் அவுரித் தொழிற்சாலையில் மேலாளராக வேலைக்குச் சேர்ந்தார். பிடித்தவர்கள் நல்லவர்கள், கயிற்றின் நீளம் போதவில்லை.

நம் கரைக்கு வருவோம். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர், தாம் இல்லாத நாள்களில் மக்களுக்குக் கற்பிக்க ஊர்தோறும் உள்ளூர் உபதேசியார்களை அமர்த்தினார். கணக்கப்பிள்ளை என்றே அவர்களுக்குப் பெயர் வழங்கியது. அவர்களுடைய ஊதியத்துக்கு வழி என்ன? பரதவர்கள் போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று ஆண்டுதோறும் 4,000 பொற்பணம் செலுத்தி வந்தனர். அத்தொகையை உபதேசியார்களுக்கு விட்டுத்தருமாறு சேவியர் அரசி கேத்தரினைக் கேட்டுப் பெற்றார். ஏட்டில் அது அரசியின் கொடை. உண்மையில் அது கடலுக்கடியில் மூச்சடக்கியவர்கள் ஈட்டிய பணம். மிஷன் வரவு செலவைப் படிக்கும்போதெல்லாம் கொடையாளர் பெயரைத் தாண்டி, பணம் எந்தக் கையிலிருந்து புறப்பட்டது என்று தேடுவது நல்லது.

அனுப்பியவர்களின் பிழைக்கு அனுப்பப்பட்டவர் விலை கொடுத்ததும் இதே கரையில்தான். மண்டபத்துக்கு அருகிலுள்ள வேதாளையில் இருந்த போர்த்துகீசியத் தளபதி, இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களிடம் பணம் பறித்தான். அதனால் மூண்ட சண்டையில் போர்த்துகீசியர் படகேறித் தப்ப, பெண்களையும் குழந்தைகளையும் கரையேற்றி அனுப்பப் பின்தங்கிய அந்தோனியோ கிரிமினாலி என்னும் சேசு சபைத் துறவி 1549-இல் கொல்லப்பட்டார்.

துறவற சபைகளிடம் ஒரு வசதி உண்டு. பயிற்சி, அனுப்புதல், நோயிலும் முதுமையிலும் காத்தல் மூன்றும் ஒரே கையில் இருக்கும். நீண்ட ஆண்டுப் பயிற்சிக்குப் பின் தனக்கென எதையும் வைத்துக்கொள்வதில்லை என்று ஒருவர் உறுதி கொடுக்கிறார். சாகும்வரை சோறும் கூரையும் தருவதாகச் சபை ஏற்றுக்கொள்கிறது. 1693-இல் ஓரியூரில் கொல்லப்பட்ட அருளானந்தருக்கு மனைவி மக்கள் இல்லை, சபையே குடும்பம். பொருளாதாரப் பார்வையில் இதை ஒரு வாழ்நாள் காப்பீடு எனலாம். சீர்திருத்தத் திருச்சபைகளின் மிஷனரிகள் குடும்பத்தோடு வாழத் தொடங்கியபோது இந்த ஏற்பாடு குலைந்தது. வேலைகள் பல கைகளுக்குப் பிரிந்தன. முதுமை யார் கையிலும் சேரவில்லை.

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு இந்தப் பிரிவினையின் முதல் தமிழகச் சான்று. அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக். ஆள்களை உருவாக்கியும் நன்கொடை திரட்டியும் உதவியது ஜெர்மனியின் ஹாலே நகரம். அச்சுக்கூடத்துக்கும் காகிதத்துக்கும் கைகொடுத்தது லண்டனில் இருந்த ஒரு சங்கம். மூன்று நாடுகள் சேர்ந்து தாங்கியதால்தான் 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது. ஹாலேயிலிருந்து 1710 முதல் வெளியான அறிக்கைகள் தரங்கம்பாடிச் செய்திகளைக் கொடையாளர் வீடுகளுக்குக் கொண்டுசென்றன.

ஆனால், 1714-இல் கோபன்ஹேகனில் மிஷன் வாரியம் அமைந்தபின் காட்சி மாறிற்று. அதன் செயலாளராக வந்த வெண்ட், மிஷனரிகள் ஆதித் திருத்தூதரைப் போல உடைமையின்றித் திரிய வேண்டும், கட்டடமும் சொத்தும் எதற்கு என்று கடிந்து எழுதினார். தரங்கம்பாடி வெயிலில் ஒரு நாளும் நின்றிராதவர் அவர். 1719 பிப்ரவரியில், 36 வயதில் சீகன்பால்கு இறந்தார். அந்தக் கடிதங்கள் தந்த மனவேதனை அவருடைய நோயை விரைவுபடுத்தியது என்று எழுதிய வரலாற்றாசிரியர் பலர். பிறருக்கு எளிமையை விதிப்பதில் மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் எப்போதும் தாராளமானவர்கள்; எனது பணிக்காலத்திலும் அப்படிச் சிலரைக் கண்டிருக்கிறேன்.

இருநூறு ஆண்டுகள் நம் மண் மிஷனரிகளைப் பெறும் இடமாக இருந்தது. அது அனுப்பும் இடமாக மாறிய கதையில் நம் இராமநாதபுரக் கரைக்கும் ஒரு பங்கு உண்டு என்பது பலர் அறியாதது. 1900-இல் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர்கள் ஒரு மிஷனரிச் சங்கத்தைத் தொடங்கிப் பாக் நீரிணைக்கு இப்பால் உள்ள தொண்டிக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். 1902-இல் யாழ்ப்பாணம் சென்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா அம்முயற்சியை அறிந்து உள்ளம் தைத்துத் திரும்பினார். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அவர் அப்போது ஒய்.எம்.சி.ஏ. செயலாளர். யாழ்ப்பாணத்து மாணவர்களால் முடிந்தது பல்லாயிரம் பேர் கொண்ட திருநெல்வேலித் திருச்சபையால் ஏன் முடியவில்லை என்பதே அவருடைய கேள்வி.

1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல் பகுதியைக் களமாகத் தேர்ந்தார்கள். பேசும் மொழி தெலுங்கு. போகிறவர்களுக்கு அது அயல்நாடு போலத்தான். 1905 கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில் கூடியவர்கள் இந்திய ஆள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்னும் கொள்கையோடு தேசிய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள்.

இவற்றின் பொருளாதாரம் எனக்கு மிகவும் பிடித்தமானது. பணம் வந்த வழி அரண்மனையன்று. உலை வைக்கும்போது பெண்கள் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் போட்டார்கள். அறுப்பின் பண்டிகையில் கருப்பட்டியும் கோழியும் முருங்கைக்காயும் ஏலத்துக்கு வந்தன. ஒரு பிடி அரிசி குறைந்த வீட்டில், அந்த அரிசியை உண்பவர் யார், எப்படி இருக்கிறார் என்ற கேள்வி தானாகவே எழும். அசரியாவும் செயலாளர் நாற்காலியிலேயே தங்கிவிடவில்லை. 1909-இல் குருப்பட்டம் பெற்று, தெலுங்கு கற்று, தாமே தோர்ணக்கலுக்குச் சென்றார். 1912-இல் அங்கே பேராயரானார். 1945-இல் இறக்கும்வரை அதுவே அவருடைய களம். கிராம ஊழியர்களுக்குப் பயிற்சி தந்தபோது அவர்களுடைய மனைவியருக்கும் சேர்த்தே தந்தார். குடும்பமாகப் போகிறவர்களைக் குடும்பமாகவே ஆயத்தப்படுத்த வேண்டும் என்பதை உணர்ந்த மனிதர்.

1959-க்குப் பின் தமிழ்நாட்டில் ஜெபக்குழுக்களை அடித்தளமாகக் கொண்ட மிஷனரி அமைப்புகள் வளர்ந்தன. என் மாணவர் சென்றதும் அத்தகைய வழியில்தான். ஒரு சிறு நகரத்துக் குழுவின் குடும்பங்கள் மாதந்தோறும் தொகையைத் தலைமையகத்துக்கு அனுப்பும். தலைமையகம் அவருக்குப் படி வழங்கும். முதல் பத்தாண்டுகள் அந்தக் குடும்பங்களுக்கு அவர் கடிதம் எழுதினார்; அவர்கள் அவருடைய மகளுக்குப் பண்டிகைத் துணி அனுப்பினார்கள். பிறகு பெரியவர்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். பிள்ளைகள் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போனார்கள். அவருடைய பெயர் வேறு நன்கொடையாளர் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. படி நிற்கவில்லை, கயிற்றின் மறுமுனையில் இருப்பவர் யார் என்பதுதான் தெரியாமல் போயிற்று.

பயிற்சியைப் பற்றிக் கேட்டேன். மொழி கற்பதும் மலேரியாவைச் சமாளிப்பதும் சொல்லித் தந்தார்களாம். பணத்தைப் பற்றி ஒரு வகுப்புகூட இல்லை. "நீங்களாவது கொஞ்சம் சேமித்திருக்கலாமே?" என்றேன். "சேமிப்பது அவிசுவாசம் என்று நினைத்தேன், சார்" என்றார். என் மாணவர் ஒருவரிடமிருந்து இந்த விடையை நான் எதிர்பார்க்கவில்லை. பொறுப்பில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை அவரிடமே சொன்னேன். ஆனால், அந்த நினைப்பை இருபத்தைந்து வயதில் அவருள் விதைத்தவர்களும், அது தங்களுக்குச் செலவில்லாத நம்பிக்கையாக இருந்ததால் திருத்தாமல் விட்டவர்களும் முதல் பங்கை ஏற்க வேண்டும்.

இது தீர்க்க முடியாத சிக்கலன்று. மாதம் 500 ரூபாய் வீதம் 25 ஆண்டுகள், 8 விழுக்காடு வட்டியில் போட்டிருந்தால் ஏறத்தாழ 4 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய் ஆகியிருக்கும். செலுத்தும் தொகை ஒன்றரை லட்சம்தான். ஐம்பது குடும்பங்கள் கொண்ட குழுவுக்கு அது மாதத்துக்குக் குடும்பம் ஒன்றுக்குப் பத்து ரூபாய். மிஷனரி பிள்ளைகளின் படிப்பு என்னும் இதே போன்ற சிக்கலுக்கு டோனாவூரில் சந்தோஷ வித்யாலயா என்னும் பள்ளியையே நடத்திக் காட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு முடிந்தது முதியவர்களுக்கும் முடியும். வெளிநாட்டுப் பணம் வந்து காக்கும் என்று இனி யாரும் இருக்கவும் இயலாது. வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின் 2020-ஆம் ஆண்டுத் திருத்தம், அப்பணத்தில் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்ததோடு, பெற்ற அமைப்பு அதை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தருவதையும் தடுத்துவிட்டது. பிடியரிசிப் பானைக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கிறது.

அன்றிரவு நானும் அவரும் உட்கார்ந்து மூன்று பக்கக் கடிதம் ஒன்று எழுதினோம். சேவை ஆண்டுகள், பெற்ற படி, சேர்ந்திருக்கக்கூடிய தொகை எல்லாவற்றையும் கணக்கிட்டு, ஒரு நிரந்தர முதுமை நிதி அமைக்கும்படி அவருடைய அமைப்புக்கு விண்ணப்பம். தனக்காக மட்டும் கேட்பதாக இருக்கக் கூடாது என்று அவர் பிடிவாதமாகச் சொன்னதால் இரண்டு பத்திகளைத் திருத்தி எழுதினேன். பழைய முகவரிகளைத் தேடி, அந்த ஜெபக்குழுவில் எஞ்சியிருக்கும் நான்கு குடும்பங்களுக்கும் நகல் அனுப்பினோம்.

அமைப்பிடமிருந்து இதுவரை பதில் இல்லை. நான்கு குடும்பங்களில் ஒன்றிலிருந்து, எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார் நடுங்கும் எழுத்தில் அஞ்சலட்டை போட்டிருந்தார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கடிந்துகொண்டு, அவர் மலையிலிருந்து எழுதிய கடிதங்கள் எல்லாம் தம் டிரங்குப் பெட்டியில் அப்படியே இருப்பதாகவும், மகளுக்குத் திருமணம் ஆகிவிட்டதா என்றும் கேட்டிருந்தார்.