வெளியூர்ப் பீப்பாவும் வெளியூர் விருந்தினரும்

சனிக்கிழமை முற்பகல் பதினொரு மணி. இங்கிலாந்தின் வடபாகத்திலே, பெனைன் மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த யோர்க்ஷயர் நகரமாகிய ஹடர்ஸ்பீல்டின் புகையிரத நிலையத்தில் ஒரு வண்டி வந்து நிற்கிறது. கழுத்தில் வேற்று நிறச் சால்வை அணிந்த சில நூறு பேர் அதிலிருந்து இறங்குகின்றனர். பிற்பகல் மூன்று மணிக்கு ஹடர்ஸ்பீல்ட் டவுன் கழகத்தை எதிர்த்து ஆடவிருக்கும் உதைபந்தாட்டக் குழுவின் ஆதரவாளர்கள் அவர்கள். விளையாட்டரங்கு ஏறக்குறைய ஒரு மைல் தொலைவிலேயே உள்ளது. நடந்து சென்றாலும் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகாது. எஞ்சிய நேரத்தை எங்கே கழிப்பது? எதிரணியின் ஊரிலே தமக்குக் கதவு திறப்பவர் யார்?

வெளியூர் ஆட்டத்துக்குப் பயணம் செய்யும் ஆங்கிலேய இரசிகனுக்கு இஃது அற்பமான கேள்வியன்று. அவ்வூரிலே மதுவிடுதி நடத்துபவருக்கோ இது வயிற்றுப்பாட்டுக் கேள்வி. இவ்விருவரும் எவ்வாறு ஒருவரையொருவர் நம்பி வாழ்கின்றனர் என்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், அவ்விடுதியின் நிலவறையில் இருக்கும் பீப்பாவைப் பற்றியும் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

'பப்' என ஆங்கிலேயர் வழங்கும் சொல், பொதுமனை எனப் பொருள்படும் ஒரு நெடிய தொடரின் குறுக்கமாகும். அது வெறும் மதுக்கடை அன்று. ஊரார் கூடிப் பேசுமிடம், மழைக்கு ஒதுங்குமிடம், உணவருந்துமிடம். ஹடர்ஸ்பீல்டில் இத்தகைய மனைகளைத் தேடி அலையவேண்டியதில்லை. புகையிரத நிலையத்தின் முகப்பிலேயே, இரு கோடிகளிலும், இரண்டு உண்டு. ஒன்றின் பெயர் கிங்ஸ் ஹெட். மற்றதன் பெயர் ஹெட் ஒவ் ஸ்டீம்.

அந்நிலையத்தின் வரலாறும் சுவையானது. 1846ஆம் ஆண்டு அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1850இல் கட்டடம் நிறைவெய்தியது. பிரிச்சற் என்னும் கட்டடக் கலைஞர், கொரிந்தியப் பாணியில் அமைந்த பெருந்தூண்களை நடுவே நிறுத்தி, கிரேக்கக் கோயில் போன்று அதனை அமைத்தார். இரண்டு புகையிரதக் கம்பனிகள் அந்நிலையத்தைப் பொதுவிற் பயன்படுத்தின. ஆகவே இரு பக்கங்களிலும் தனித்தனியே இரு சிறு மண்டபங்கள் எழுந்தன. பயணச்சீட்டு விற்பதற்கென அமைந்த அம்மண்டபங்களே பிற்காலத்தில் பொதுமனைகளாயின. வண்டியை விட்டு இறங்கும் வெளியூரார், நகரத்துள் ஓரடியேனும் வைக்குமுன்னர், அவற்றின் வாயிலைக் காண்கின்றனர்.

சனிக்கிழமைப் பிற்பகலும் உதைபந்தாட்டமும் ஒன்றோடொன்று பிணைந்தமைக்கும் இந்நாட்டின் நெசவாலைகளே காரணம். 1850ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஆலைகளிற் பணிபுரிந்த பெண்களுக்கும் இளைஞருக்கும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணியோடு வேலை முடிதல் வேண்டுமென விதித்தது. நாளடைவில் ஏனைய தொழிலாளருக்கும் அந்த அரைநாள் ஓய்வு கிடைத்தது. அவ்வோய்வு நேரத்தை ஆட்டம் நிரப்பியது. கம்பளி நெசவுக்குப் புகழ்பெற்ற ஹடர்ஸ்பீல்டில் 1908ஆம் ஆண்டு இக்கழகம் தோன்றியது. 1924, 1925, 1926 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இடைவிடாது இங்கிலாந்தின் முதற் பிரிவு வெற்றியாளராகத் திகழ்ந்த பெருமை அதற்குண்டு. அவ்வாறு மூன்று முறை தொடர்ந்து வென்ற முதற் கழகம் அதுவே. ஆலையிலிருந்து பொதுமனைக்கும், பொதுமனையிலிருந்து ஆட்டக்களத்துக்கும் செல்வது அக்காலந்தொட்டு நிலைபெற்ற வழக்கம்.

இனி, நிலவறைக்கு இறங்குவோம். அங்கே படுக்கவைக்கப்பட்டிருக்கும் பீப்பாக்களில் உள்ளது 'ரியல் ஏல்', அதாவது மெய்யான ஏல், என வழங்கும் பியர். முளைகட்டிய வாற்கோதுமை, ஹொப் பூ, நீர், மதுவம் ஆகிய நான்குமே அதன் மூலப்பொருள்கள். எல்லாப் பியருக்கும் இவை பெரும்பாலும் பொதுவானவையே. வேறுபாடு எங்கே உள்ளது எனின், இது வடிசாலையை விட்டுப் புறப்படும்போது உயிருள்ள மதுவத்தையும் தன்னுடன் கொண்டு வருகின்றது. பீப்பாவினுள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கின்றது. நுரையைத் தரும் காபனீரொட்சைட்டு வாயு அந்நொதித்தலால் இயல்பாகவே உண்டாகின்றது. வெளியிலிருந்து வாயுவைச் செலுத்தி அதனை மேலே தள்ளுவதில்லை. மேசையருகே நிற்கும் கைப்பம்பின் நெடிய பிடியை இழுத்தே கிண்ணத்தை நிரப்புவர். ஏறத்தாழப் பன்னிரண்டு பாகை சதமளவான குளிர்ச்சியே அதற்கு உகந்தது. யோர்க்ஷயரில் பம்பின் வாயிற் சிறு துளைகளையுடைய ஒரு மூடியைப் பொருத்தி, பாலாடை போன்று அடர்ந்த நுரை எழச் செய்வதும் வழக்கம்.

இவ்வாறு உயிருடன் வரும் பொருளுக்கு ஆயுளும் குறுகியதே. பீப்பா வந்து சேர்ந்ததும் ஒரு நாளேனும் அசையாது கிடக்க வேண்டும். மண்டி அடியிலே படிய வேண்டும். பின்னர் அதன் மேற்றுளையில் மென்மரத்தாலான சிறு முளையைச் செருகி, மிகுந்த வாயுவை வெளியேற விடுவர். வேண்டிய அளவு வாயு அடங்கியபின் வன்மரத்தாலான முளையால் அதனை அடைப்பர். பியரை எடுக்க எடுக்க, அதன் இடத்தைக் காற்று நிரப்புகிறது. காற்றுப் பட்ட பியர் மெல்லப் புளிக்கத் தொடங்கும். ஆகவே திறந்த பீப்பாவை ஏறக்குறைய மூன்று நாட்களுக்குள் விற்றுத் தீர்த்தல் வேண்டும். வழக்கமான சிறு பீப்பா ஒன்று ஒன்பது கலன், அஃதாவது எழுபத்திரண்டு பைந்து கொள்ளும். மூன்று நாளில் எழுபத்திரண்டு பேர் ஆளுக்கொரு கிண்ணம் கேளாவிடின், எஞ்சியது கழிகாலில்தான் ஊற்றப்படும்.

இத்தொல்லை காரணமாகவே, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெரிய வடிசாலைகள் வேறு வழியை நாடின. பியரை வடிகட்டி, வெப்பமூட்டி, மதுவத்தைக் கொன்று, உலோகக் கலத்தில் அடைத்து, வாயுவின் அழுத்தத்தால் வழங்கின. அது கெடாது, நிலவறைத் திறனும் வேண்டியதில்லை. ஆனால் ஊருக்கொரு சுவை என்னும் பழைய நிலை மறையத் தொடங்கியது. இதனைக் கண்டு வருந்திய நால்வர் 1971ஆம் ஆண்டு ஓர் இயக்கத்தைத் தொடங்கினர். 'கம்ரா' எனச் சுருக்கமாக வழங்கும் அவ்வியக்கம், நல்ல பியர் கிடைக்கும் மனைகளைத் தொகுத்து ஆண்டுதோறும் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டு வருகின்றது. வெளியூர் ஆட்டத்துக்குச் செல்லும் இரசிகர் பலர், பயணச்சீட்டுடன் அந்நூலின் குறிப்பையும் கையில் வைத்திருப்பர்.

இங்கே ஒரு சட்டத்தையும் குறிப்பிடவேண்டும். முற்காலத்திற் பொதுமனைகளில் மிகப் பல பெரிய வடிசாலைகளுக்கே உரியனவாயிருந்தன. தம் பியரையன்றிப் பிறர் பியரை அங்கே விற்க அவை இடங்கொடா. 1989ஆம் ஆண்டு பிறந்த அரசாங்க ஆணையொன்று, பெருவடிசாலைகளின் மனைகளை வாடகைக்கு எடுத்து நடத்துவோர், வெளியிலிருந்து ஒரு பீப்பாப் பியரையேனும் தாமே தேர்ந்து வாங்க உரிமை அளித்தது. 2003இல் அவ்வாணை நீக்கப்பட்டதாயினும், அவ்வழக்கம் வேரூன்றிவிட்டது. அவ்வாறு வெளியூரிலிருந்து வரும் பியரை ஆங்கிலேயர் 'விருந்தினர் பியர்' என்றே அழைக்கின்றனர். தமிழில் விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள்; அறியாத புதியவனே விருந்தினன். பீப்பாவுக்கு அப்பெயரைச் சூட்டிய மக்கள், அப்பீப்பாவின் ஊரிலிருந்து வரும் மனிதனை எவ்வாறு நடத்துகின்றனர் என்பதே கேள்வி.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அதற்குக் கிடைத்த விடை கசப்பானது. அக்காலத்தில் ஆங்கில உதைபந்தாட்டத்தைக் கலகம் பீடித்திருந்தது. இரு திறத்தாரும் தெருக்களில் மோதினர், கண்ணாடிகள் உடைந்தன, குருதியும் சிந்தியது. 1985ஆம் ஆண்டுச் சட்டம், ஆட்டக்களம் கண்ணுக்குப் படும் இடத்திலிருந்து மது அருந்துவதைத் தடை செய்தது. ஆட்டத்துக்கென அமர்த்திய பேருந்துகளிலும் புகையிரதங்களிலும் மது கொண்டுசெல்வதையும் அது குற்றமாக்கியது. இதன் பயனாக, குடிப்பவன் ஆட்டத்துக்கு முன்னரே, ஊருக்குள்ளேயே குடிக்கலானான். சுமை முழுதும் பொதுமனைகளின் மேல் விழுந்தது. அஞ்சிய மனைக்காரர் பலர், உள்ளூர் ஆதரவாளருக்கு மட்டுமே இடமுண்டு என வாயிலில் அறிவித்தனர். அத்தகைய அறிவிப்புக்கள் இன்றும் பல ஊர்களில் உள்ளன. அவற்றைத் தவறென்று எளிதிற் சொல்லிவிட முடியாது. ஒரு பிற்பகற் கலகம் ஒருவரது உரிமப்பத்திரத்தையே பறித்துவிடக்கூடும்.

ஆயினும் மெய்யான ஏல் விற்கும் மனைக்குக் கதவை மூடுவதும் எளிதன்று. வியாழக்கிழமை காலை அதன் நிலவறைக்காரன் ஒரு கணக்குப் போடுகிறான். சனிக்கிழமை ஆட்டத்துக்கு எத்தனை பேர் வருவர்? பத்துப் பீப்பாவைத் திறந்தால் எழுநூற்றிருபது பைந்து. தொலைவிலிருந்து பெருங்குழு வருமாயின் அவை மாலைக்குள் தீர்ந்துவிடும். கடுங்குளிரில் களம் உறைந்து ஆட்டம் ஒத்திவைக்கப்படுமாயின், திறந்த பீப்பாவை மீண்டும் மூடிவைக்க இயலாது. ஆகவே வெளியூராரை வரவேற்பது அவனுக்குப் பண்பு மட்டுமன்று, தொழிலின் தேவையுமாகும். பத்துப் பன்னிரண்டு வகைப் பியரைப் புத்துணர்வு குன்றாது வைத்திருக்க வேண்டுமெனின், அவற்றை அருந்தும் கூட்டமும் வேண்டும்.

இத்தகைய மனைகளிற் கலகம் குறைவாயிருப்பதற்கு அப்பியரில் மந்திரம் ஏதுமில்லை. மது மதுவே, அளவு மீறினால் எப்பியரும் அறிவை மயக்கும். ஆயின் இங்கே வருபவன் பெரும்பாலும் சுவையை நாடி வருபவன். எதனை அருந்தலாம் என மேசைக்குப் பின் நிற்பவரைக் கேட்கிறான். அருகே நிற்கும் உள்ளூர்க்காரன் விடை கூறுகிறான். கீத்லி நகரில் 1858 முதல் இயங்கும் திமத்தி டெய்லர் வடிசாலையின் 'லான்ட்லோர்ட்' நல்லதா, ஹடர்ஸ்பீல்டிலேயே வடித்த வெளிறிய ஏல் நல்லதா என்ற வாதம் எழுகிறது. அவ்வாதத்திலே கட்சிகள் சால்வை நிறத்தின்படி பிரிவதில்லை. மனைக்காரரும் சில ஒழுங்குகளை வகுத்துள்ளனர். கூட்டங்கூட்டமாகப் பாடுதல் ஆகாது; சிலவேளை சால்வைகளைப் பைக்குள் வைக்குமாறும் வேண்டுவர். லீட்ஸ் போன்ற அண்டை நகரின் குழு வரும் நாட்களில் பகை முற்றியிருக்கும். அப்பொழுது காவற்றுறையினர் ஆட்டத்தையே நண்பகலுக்கு முன்தள்ளுவதுமுண்டு, மனைகள் கதவடைப்பதுமுண்டு. வரவேற்பு என்பது ஒருமுறை தந்துவிட்டால் என்றென்றும் நிலைப்பதன்று. ஒவ்வொரு சனிக்கிழமையும் புதிதாய்ப் பெறவேண்டியது.

நிலையத்தைவிட்டுச் சிறிது நடக்க விரும்புவோருக்கு, 1930இல் எழுந்த ஸ்போர்ட்ஸ்மன் மனை அணித்தே உள்ளது. தெற்கே சப்பல் ஹில் சரிவில், தன் நிலவறையிலேயே பியர் வடிக்கும் ராட் அன்ட் ராச்செற் என்னும் மனை இருக்கிறது. ஆனால் நேரத்தை மறந்துவிடலாகாது. இரண்டரை மணியளவில் மனைகள் வெறுமையாகின்றன. கூட்டம் கோன் ஆற்றங்கரையில் உள்ள விளையாட்டரங்கை நோக்கிச் செல்கிறது. 1994இல் திறக்கப்பட்டு, மறுவருடம் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் சங்கத்தின் உயர்ந்த விருதைப் பெற்ற அவ்வரங்கு, வளைந்த வெண்ணிற இரும்பு வில்களால் தொலைவிலிருந்தே தோன்றும். அங்கே வெளியூரார் ஒரு வாயிலாலும் உள்ளூரார் வேறு வாயில்களாலும் நுழைகின்றனர். தொண்ணூறு நிமிடம் அவர்கள் எதிரிகள்.

மாலை ஆறு மணிக்கு நிலையத்தின் தூண்களடியில் அதே கூட்டம் வண்டிக்குக் காத்து நிற்கிறது. ஒரு திறத்தார் வென்றிருப்பர், மற்றவர் தோற்றிருப்பர். கோடியிலுள்ள மனையில் இரு நிறச் சால்வைகளும் ஒரே மேசையில் கிடக்கின்றன. கைப்பம்பை இழுத்தவர், பீப்பா வற்றிவிட்டதென்பதற்கு அடையாளமாக, அதன் முகத்தில் இருந்த பெயர்ச்சீட்டைத் திருப்பி வைக்கிறார். அன்றைய கணக்குத் தப்பவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு வேறோர் ஊரின் மக்கள் வருவர். அவர்களுக்காக வேறோர் ஊரின் பீப்பா வியாழக்கிழமை திறக்கப்படும்.