மழைக்காலச் சுற்றுலா: எப்போது போகலாம், போகாவிட்டால் பணம் திரும்புமா?

சுற்றுலாவுக்கு ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த ஊரில் பெய்யும் மழையை மட்டும் பார்த்தால் போதாது. மேலே மலையிலும் அணையிலும் என்ன நிலவரம் என்பதையும் விசாரிக்க வேண்டும். அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சியே இதற்குச் சான்று. வீரமாமுனிவரின் பெயரோடு இணைந்த அடைக்கல மாதா ஆலயத்துக்கு வருவோருக்குப் பக்கத்தில் ஓடும் கொள்ளிடத்திலும் இறங்கிக் குளிக்க ஆசை வரும். ஆடி, ஆவணியில் இங்கே வெயில் காயும். ஆனால் குடகிலும் வயநாட்டிலும் பருவமழை வலுத்து மேட்டூர் அணை 120 அடியை எட்டிவிட்டால், உபரி நீர் முக்கொம்பில் பிரிந்து கொள்ளிடத்தில் பாயும். 2018 ஆகஸ்டில் அப்படி வந்த வெள்ளத்தின்போதுதான் முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் உடைந்தன. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் 17 வயதுச் சிறுவனை அடித்துச் சென்றதும் மலைமேல் பெய்த மழையால்தான்.

போகும் வழியையும் பார்க்க வேண்டும். 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் இடிந்து தூத்துக்குடி விரைவு ரயில் கவிழ்ந்தது; 140-க்கும் மேற்பட்டோர் இறந்தனர், ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார்.

ஆபத்தே இல்லாத ஊர் கிடையாது. ஆபத்து குறைந்த மாதம் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை வயநாடு, மூணாறு பக்கம் நிலச்சரிவு அச்சம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலோரத்தில் புயல், நீலகிரியிலும் கொடைக்கானலிலும் மண்சரிவு. சுனாமிக்கு மட்டும் மாதம் கிடையாது. 2004 டிசம்பர் 26 அன்று வேளாங்கண்ணியில் இருந்த யாத்ரிகர்களை எச்சரிக்க அன்று இந்தியாவில் சுனாமி மையமே இல்லை. ஐதராபாத் மையம் 2007-ல்தான் வந்தது.

எச்சரிக்கை வந்த பிறகும் பலர் கிளம்புவதற்குக் காரணம், கட்டிய முன்பணம் போய்விடுமே என்ற கவலை. இதில் சட்டம் தெரிந்திருப்பது நல்லது. ரயில்வேயே ரயிலை ரத்து செய்தால் முழுக் கட்டணமும் திரும்பும். ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, பயணி போகாமல் இருந்து, ரயில் கிளம்புமுன் டி.டி.ஆர். எனும் கட்டணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பத்தைப் பதிந்தாலும் அப்படியே. விமான நிறுவனம் ரத்து செய்தால் பணமோ மாற்று விமானமோ தர வேண்டும். இயற்கைச் சீற்றம் காரணமென்றால் கூடுதல் இழப்பீடு மட்டும் கிடைக்காது. சாலை மூடப்பட்டோ அரசு தடை விதித்தோ பயணம் நடக்கவே முடியாமல் போனால், ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாதபோது, வாங்கிய பணத்தைத் திருப்பித் தரும்படி 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 65-ம் பிரிவைக் காட்டிக் கேட்கலாம். வெறும் பயத்தால் ரத்து செய்தவருக்கு இந்த உரிமை இல்லை. ரசீதில் அச்சிட்ட ரத்து விதிதான் பேசும். அதனால் விடுதிக்குப் பணம் கட்டுமுன் அந்த விதியை எழுத்தில் வாங்குவது புத்திசாலித்தனம். புயல் அறிவிப்பு வெளிவந்த பிறகு எடுக்கும் பயணக் காப்பீடு பெரும்பாலும் அந்தப் புயலுக்கு உதவாது.

பணம் தர மறுத்தால் முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். அடுத்து, மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். மூணாறு விடுதிமீதான புகாரை ஏலாக்குறிச்சிக்காரர் அரியலூரிலேயே கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. கெடு 2 ஆண்டு.

கிளம்பும் நாளில் வானிலை மையத்தின் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்து, போகும் மாவட்டத்தின் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையை, அந்த ஊரின் எஸ்.டி.டி. எண்ணோடு சேர்த்து 1077-ல் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.