ஈரல் புழுவைக் கண்டறியும் வழி

1989-ஆம் ஆண்டில் ஈரானின் கஸ்பியன் கடற்கரையை ஒட்டிய கீலான் மாகாணத்தில் 10,000-க்கும் மேற்பட்ட மக்களை ஃபாசியோலா என்னும் ஈரல் தட்டைப்புழு பீடித்தது. ஆடுமாடுகளின் ஈரலில் வாழும் இப்புழுவின் இளம்பருவம் நன்னீர் நத்தையின் உடலில் வளர்கிறது; பின்னர் நீர்க்கரைக் கீரைகளில் ஒட்டிக்கொண்டு, அவற்றைப் பச்சையாக உண்பவரின் வயிற்றை அடைகிறது. இந்நோயை ஆய்வுக்கூடம் உறுதி செய்யும் முறையை இங்கு நோக்குவோம்.

மலத்தை நுண்ணோக்கியில் வைத்து முட்டையைத் தேடுவது பழைய முறை. ஆனால் குடற்சுவரைத் துளைத்து ஈரலுக்குள் புகும் புழு முதிர்ந்து முட்டையிட மூன்று, நான்கு மாதங்கள் ஆகின்றன. காய்ச்சலும் வலப்புற வயிற்றுவலியும் கடுமையாக இருப்பதோ அதற்கு முன்னர்தான். எனவே, 'முட்டை இல்லை' என்பதை 'நோய் இல்லை' என நாம் கொள்வது பிழையாகும். அக்காலத்தில் இரத்தத்தில் ஈசினோஃபில் அணுக்கள் பெருகியிருத்தல் ஓர் அடையாளம். எலிசா சோதனையில் எதிர்ப்பொருளைக் காணுதல் அதனினும் வலிய சான்று. தொற்றிய சில வாரங்களிலேயே தோன்றும் எதிர்ப்பொருள், குணமான பின்னும் நெடுநாள் நிலைப்பதால், அது மட்டுமே இன்றைய நோயை மெய்ப்பிக்காது.

இதற்கு மாறான பிழையும் உண்டு. புழுவுற்ற விலங்கின் ஈரலை உண்டவரின் மலத்தில், நோயில்லாமலேயே முட்டைகள் வெளிப்படலாம். சில நாட்கள் ஈரலுணவைத் தவிர்த்து மீண்டும் சோதித்தால் உண்மை விளங்கும்.

பிற தட்டைப்புழுக்களுக்குப் பயன்படும் பிராசிகுவாண்டெல் இதற்குப் பலிப்பதில்லை. டிரைக்ளபெண்டசோலே உரிய மருந்து. ஆதலின் புழு இன்னதெனத் துணிவது இன்றியமையாதது. எதை, எப்போது உண்டோம் என்பதை மருத்துவரிடம் தெளிவாக உரைப்பது நம் பொறுப்பாகும்.