ஏறிப்போய் நின்றுவிட்ட கோடு

சத்துணவுத் தட்டில் ஒரு முட்டை இருக்கிறது. வாங்கியது அரசு, சாப்பிட்டது ஆறாம் வகுப்புப் பிள்ளை. நாட்டின் வரவு செலவை எழுதும்போது இந்த முட்டையை யார் பேரில் எழுதுவது?

விளையாட்டுக் கேள்வி என்று நினைக்காதீர்கள். ஓராண்டில் நாடு முழுக்க எவ்வளவு பொருளும் சேவையும் உண்டாயின என்று கணக்குப் போடும் புள்ளியியல் அதிகாரிகள் இதற்கென்றே ஒரு விதி வைத்திருக்கிறார்கள். சாப்பிட்டவர் பேரில் இல்லை, காசு கொடுத்தவர் பேரில்தான் முட்டை ஏறும். அதற்குப் பெயர் அரசின் நுகர்வுச் செலவு.

அந்தச் சத்துணவுக் கூடத்தையே இன்னும் கொஞ்சம் சுற்றிப் பார்ப்போம். அரிசி, பருப்பு, எண்ணெய், கேஸ் சிலிண்டர், சமைப்பவரின் சம்பளம் எல்லாம் இதே கணக்குதான். ஆனால் கூடத்தின் கட்டடம் இதில் வராது. அது பல வருடம் நிற்கும், அதனால் முதலீடு. பிளஸ் ஒன் படிக்கும் அண்ணனுக்கு அரசு வாங்கிக் கொடுத்த சைக்கிள், விதிப்படி, முட்டையோடு சேரும். கல்லூரிக்குப் போகும் அக்காவுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதாமாதம் வரும் 1,000 ரூபாய் சேராது! அரசின் கையிலிருந்து அக்கா கைக்குப் பணம் மாறியது, அவ்வளவுதான். அந்தப் பணத்தில் அக்கா புத்தகம் வாங்கினால் அது குடும்பத்தின் செலவாகத்தான் எழுதப்படும். முதியோர் உதவித்தொகைக்கும் இதே கதி. அரசு தன் கடனுக்குக் கட்டும் வட்டியும் இதில் இல்லை.

அப்படியானால் இந்தக் கணக்கில் பெரும்பகுதி எது? முட்டையும் சைக்கிளும் இல்லை, சம்பளம். ஆசிரியர், நர்ஸ், போலீஸ்காரர், ராணுவ வீரர், கிராம நிர்வாக அலுவலர், தாலுகா ஆபீஸ் எழுத்தர் என்று மத்திய அரசு, மாநில அரசு, ஊராட்சி எல்லாவற்றிலும் வேலை பார்க்கிறவர்களின் சம்பளம்.

இந்தியா இதையெல்லாம் ஒழுங்காக எண்ணத் தொடங்கியது சுதந்திரத்துக்குப் பிறகு. 1949இல் தேசிய வருமானக் குழு அமைந்தது. தலைவர் பி. சி. மகலனோபிஸ், உறுப்பினர்கள் டி. ஆர். காட்கில், வி. கே. ஆர். வி. ராவ். ஆலோசனை சொல்ல வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் சைமன் குஸ்நெட்ஸ் ஒருவர். பிற்பாடு நோபல் பரிசு வாங்கியவர். போர்ச் செலவை ஒரு நாட்டின் செழிப்போடு சேர்த்து எண்ணுவது சரிதானா என்று தன் நாடான அமெரிக்காவில் வாதம் செய்தவரும் இவர்தான். அந்த வாதத்தில் அவர் தோற்றார். அதனால்தான் இன்றைக்கும் ராணுவ வீரரின் சம்பளமும் அரசுப் பள்ளிக் கணக்கு டீச்சரின் சம்பளமும் ஒரே கணக்கில் கூடுகின்றன.

1950-51இல் இந்தியாவின் மொத்த உற்பத்தி சுமார் 10,000 கோடி ரூபாய். அதில் அரசின் நுகர்வுச் செலவு ஏறக்குறைய 600 கோடி. 2023-24க்கு வாருங்கள். மொத்த உற்பத்தி சுமார் 300 லட்சம் கோடி, அரசின் நுகர்வுச் செலவு ஏறக்குறைய 30 லட்சம் கோடி. 600 கோடி எங்கே, 30 லட்சம் கோடி எங்கே? வகுத்துப் பாருங்கள், 5,000 மடங்கு வரும்.

அதற்காக அரசு 5,000 மடங்கு அதிகம் வேலை செய்கிறது என்று சொல்லிவிட முடியாது. மத்திய அரசு ஊழியரின் குறைந்தபட்சச் சம்பளம் முதல் ஊதியக்குழுவின் காலத்தில் மாதம் 55 ரூபாய். ஏழாவது ஊதியக்குழு 2016இலிருந்து அதை 18,000 ஆக்கியது. 55 ரூபாய்க்கு அன்று ஒரு மாதம் ஓடியிருக்கிறது, இன்று ஓட்டலில் ஒரு மசாலா தோசை வந்தால் பெரிது. மக்கள்தொகையும் 1951இல் 36 கோடி, 2011இல் 121 கோடி. விலைவாசியும் தலைகளும் பெருகினால் ரூபாய்க் கணக்கு தானாகவே வீங்கிவிடும்.

அதனால் நீண்ட காலத்தை ஒப்பிடுகிறவர்கள் தொகையை விட்டுவிட்டுப் பங்கைப் பார்ப்பார்கள். தோசை எவ்வளவு பெரிதானாலும் ஆகட்டும், அதில் எத்தனை விள்ளல் அரசுக்குப் போனது என்பதுதான் கேள்வி. நாட்டில் 100 ரூபாய்க்கு உற்பத்தி நடந்தால் அரசின் நுகர்வு எத்தனை ரூபாய்? 1950களின் தொடக்கத்தில் சுமார் 6. அங்கிருந்து மெல்ல மெல்ல ஏறி 1980களின் கடைசியில் 12ஐத் தொட்டது. அதற்குப் பிறகு இதுவரை பெரும்பாலும் 10க்கும் 12க்கும் இடையிலேயே ஆடிக்கொண்டிருக்கிறது. வரைபடத்தாளில் போட்டால் பாதித் தூரம் ஏறி, பிறகு மட்டமாகப் போகும் ஒரு கோடு கிடைக்கும்.

ஏறியதற்குக் காரணம் தேடுவது கடினமில்லை. 1951இல் 100 பேரில் சுமார் 18 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். பள்ளிக்கூடம் திறந்தால் ஆசிரியர் வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையம் திறந்தால் நர்ஸ் வேண்டும். காமராஜர் முதல்வராக இருந்தபோது தொடங்கிய மதிய உணவுத் திட்டம், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு போன்றவையும் கணக்கில் ஏறின. இடையில் 1962இல் சீனாவோடு போர். ஓரிரு ஆண்டுகளிலேயே பாதுகாப்புச் செலவு இரண்டு மடங்குக்கு மேல் போயிற்று. போர் சில வாரங்களில் முடிந்துவிட்டது, செலவு பழைய இடத்துக்கு இறங்கவில்லை. பிரிட்டனின் பழைய கணக்குகளை ஆராய்ந்த பீகாக், வைஸ்மன் என்ற இருவர் 1961இல் எழுதிய புத்தகத்தில் இதே குணத்தைச் சொல்லியிருக்கிறார்கள். போர் வந்தால் அரசுச் செலவு படி ஏறும், சமாதானம் வந்தபின் முழுவதும் இறங்காது என்று.

கோட்டில் அங்கங்கே சின்னச் சின்ன மேடுகளும் தெரியும். எனக்கு இந்த மேடுகள்தான் ரொம்பப் பிடிக்கும். 2007 வாக்கில் கோடு 10இல் இருக்கிறது, 2009இல் பார்த்தால் 11ஐத் தாண்டி நிற்கிறது. என்ன நடந்தது? ஆறாவது ஊதியக்குழு! 2006 ஜனவரி முதல் சம்பள உயர்வு என்று 2008இல்தான் முடிவானது. இடைப்பட்ட மாதங்களின் பாக்கியை, அதாவது நிலுவையை, மத்திய அரசு இரண்டு தவணையாகக் கொடுத்தது. 2008-09இல் 40 சதவீதம், அடுத்த ஆண்டு 60 சதவீதம். மாநிலங்களும் பின்னாலேயே உயர்த்தின. ஐந்தாவது குழுவுக்குப் பிறகு 1990களின் கடைசியிலும் இதே மாதிரி ஒரு மேடு உண்டு. கூடுதலாக ஒரு பள்ளியைக்கூடத் திறக்காமலேயே கோடு ஏற முடியும் என்பதற்கு இந்த மேடுகளே சாட்சி.

இறங்காமலேயே இறங்குவது போலவும், ஏறாமலேயே ஏறுவது போலவும் காட்டுகிற வித்தை பங்குக்கு உண்டு. பங்கு என்றாலே பின்னம், மேலே ஓர் எண், கீழே ஓர் எண். 2020-21இல் கொரோனாவால் நாட்டின் உற்பத்தி சுருங்கியது. கீழே உள்ள எண் சின்னதாயிற்று, பங்கு கூடிற்று.

சரி, பின்பாதியில் கோடு ஏன் மட்டமாயிற்று? 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் அடால்ஃப் வாக்னர் என்ற பேராசிரியர் ஒரு விதி சொன்னார். நாடு பணக்கார நாடாக ஆக, அரசின் பங்கும் கூடிக்கொண்டே போகும் என்றார். ஸ்வீடனைப் பார்த்தால் அவர் சொன்னது சரி என்று தோன்றும். அங்கே 100க்கு ஏறக்குறைய 25 ரூபாய் அரசின் நுகர்வு. அமெரிக்காவில் சுமார் 14தான். எல்லா நாடும் ஒரே பாதையில் போவதில்லை என்பது இதிலேயே தெரிகிறது.

இந்தியாவில் மூன்று காரணங்கள் சேர்ந்து வேலை செய்தன என்று சொல்வேன். 1991க்குப் பிறகு தொழிலும் வணிகமும் வேகமாக வளர்ந்தன. பின்னத்தின் கீழெண் ஓட்டமாக ஓடியதால், மேலெண் வளர்ந்தும் பங்கு கூடவில்லை. அடுத்து, தனியார் பள்ளிகளும் மருத்துவமனைகளும் பெருகின. நீங்கள் தனியார் பள்ளியில் படித்தால் அப்பா கட்டும் ஃபீஸ் குடும்பத்தின் நுகர்வு, அரசுப் பள்ளியில் படித்தால் அதே பாடம் அரசின் நுகர்வு. மூன்றாவது, அரசுப் பணத்தில் நல்ல பகுதி வட்டியாகவும் மானியமாகவும் வங்கிக் கணக்கில் போடும் உதவித்தொகையாகவும் போகிறது. அக்காவின் 1,000 ரூபாய் போல அதுவும் இந்தக் கோட்டில் தெரியாது. ஆக, கோடு மட்டமாக இருக்கிறது என்பதை வைத்து அரசு செலவைக் குறைத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கடையில் விற்கும் முட்டைக்கு விலை உண்டு. அரசுப் பள்ளியில் நடக்கும் பாடத்துக்கு என்ன விலை? யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லையே! அதனால் அதை நடத்த என்ன செலவானதோ அதையே அதன் மதிப்பு என்று வைத்துக்கொள்கிறார்கள். டீச்சர் அருமையாக நடத்தினாலும் சரி, நாற்காலியில் உட்கார்ந்து தூங்கினாலும் சரி, கணக்கில் ஒரே தொகை.

பிரிட்டனில் இதைத் திருத்தப் பார்த்தார்கள். டோனி அட்கின்சன் என்ற பொருளியல் அறிஞர் 2005இல் கொடுத்த அறிக்கையையொட்டி, செலவை மட்டும் பார்க்காமல் எத்தனை பிள்ளைகள் படித்தார்கள், எத்தனை சிகிச்சை நடந்தது என்றும் எண்ணினார்கள். 2020இல் பள்ளிகள் மூடியபோது, சம்பளம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தும், பிரிட்டனின் கணக்கில் கல்விச் சேவை சரிந்தது. செலவை மட்டும் பார்க்கும் கணக்கில் அந்தச் சரிவு தெரிந்திருக்காது. அந்த ஆண்டு பிரிட்டனின் பொருளாதாரம் பல நாடுகளைவிட மோசமாக விழுந்த மாதிரி தெரிந்ததற்கு இப்படி எண்ணியதும் ஒரு காரணம். உள்ளதைச் சொன்னால் மதிப்பெண் குறைகிறது, பாருங்கள்.

மே, ஆகஸ்ட், நவம்பர், பிப்ரவரி மாதங்களின் கடைசியில் இந்தியாவின் புதிய கணக்கு வெளியாகும். மறுநாள் செய்தித்தாளில் ‘அரசு இறுதி நுகர்வுச் செலவு’ என்ற வரியைத் தேடுங்கள். பக்கத்திலேயே ‘நடப்பு விலையில்’ என்றோ ‘நிலையான விலையில்’ என்றோ போட்டிருப்பார்கள். முதலில் அதைப் படியுங்கள். நிலையான விலை என்றால் விலைவாசியின் வீக்கத்தைக் கழித்துவிட்டார்கள். நடப்பு விலை என்றால் கழிக்கும் வேலை உங்களுடையது.