சுயேச்சையாக நிற்கலாமா?

ஊரில் நல்ல குடிநீர் இல்லை. மனு மேல் மனு கொடுத்தும் பயனில்லை. தேர்தல் வருகிறது. “நம்மில் ஒருவரே நின்றால் என்ன?” என்ற பேச்சு எழுகிறது.

எந்தக் கட்சியின் சார்பிலும் இல்லாமல் போட்டியிடுபவர் சுயேச்சை வேட்பாளர். இப்படி நிற்பது குடிமக்களின் உரிமை. ஆனால் இறங்கும் முன் கணக்குப் பார்க்க வேண்டும்.

யார் நிற்கலாம்?

வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் 25 வயது நிறைந்திருக்க வேண்டும். ஊராட்சிக்கு 21 வயது போதும். அரசு ஊழியர் வேலையில் இருந்துகொண்டே நிற்க முடியாது. மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் நிற்பவர் இவ்வளவு படித்திருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை.

என்ன செய்ய வேண்டும்?

பெரிய கட்சியின் வேட்பாளரை ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சையை அதே தொகுதியின் வாக்காளர்கள் 10 பேர் முன்மொழிய வேண்டும். சொத்து, கடன், வழக்கு விவரங்களை உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். எந்த இடத்தையும் காலியாக விடக் கூடாது.

டெபாசிட் பணம் கட்ட வேண்டும். சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய். மக்களவைக்கு 25,000 ரூபாய். தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் இதில் பாதி கட்டினால் போதும்.

இந்தப் பணம் எப்போது திரும்பக் கிடைக்கும்? செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும். 1,80,000 செல்லத்தக்க வாக்குகள் என்று வைத்துக்கொள்வோம். ஆறில் ஒரு பங்கு 30,000. அதற்கு மேல் வாங்காவிட்டால் டெபாசிட் போய்விடும்.

தேர்தல் செலவுக்குத் தினமும் கணக்கு எழுத வேண்டும். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கைக் கொடுக்க வேண்டும். தகுந்த காரணமின்றித் தவறினால், 3 ஆண்டுகள் தேர்தலில் நிற்கத் தடை வரலாம்.

வெற்றி எளிதா?

எளிதல்ல. 1996 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் பத்தாயிரத்துக்கும் அதிகமான சுயேச்சைகள் நின்றனர். வென்றவர்கள் 9 பேர் மட்டுமே. 2024-இல் 7 பேர் வென்றனர்.

ஆனால் வெற்றிக்காக மட்டும்தான் நிற்க வேண்டுமா? நல்கொண்டாவின் கதையைப் பாருங்கள். இன்று தெலங்கானாவில் உள்ள இந்த மாவட்டம் அப்போது ஆந்திரப் பிரதேசத்தில் இருந்தது. அங்கே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். அதைக் குடித்தவர்களுக்குப் பல்லில் கறை படிந்தது. பலருக்கு எலும்பு வளைந்தது. நல்ல தண்ணீர் கேட்டு மக்கள் போராடினர். 1996-இல் நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் 480 பேர் போட்டியிட்டனர். வாக்குப்பதிவையே தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. நாட்டின் பார்வை அந்த ஊர்களின் பக்கம் திரும்பியது.

தண்ணீர் உடனே வந்துவிடவில்லை. போராட்டம் பல ஆண்டுகள் தொடர்ந்தது. அதே 1996-இல் மக்களவைக்கான டெபாசிட் 500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்ந்தது. இன்று ஏழை ஒருவர் கவனத்தை ஈர்ப்பதற்காக மட்டும் நிற்பது அன்றைவிடக் கடினம்.

முடிவு செய்யும் முன்

முதலில் நோக்கத்தைத் தெளிவாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். வெல்வதா, கோரிக்கையை ஊரறியச் செய்வதா? டெபாசிட் போனால் குடும்பம் தாங்குமா? கடன் வாங்கி நிற்பது நல்லதல்ல. சட்டமன்றத் தொகுதியில் நூற்றுக்கணக்கான வாக்குச்சாவடிகள் இருக்கும். அங்கெல்லாம் முகவராக உட்கார ஆள் உண்டா?

மனுவைத் திரும்பப் பெறச் சொல்லி யாராவது பணம் தர வரலாம். கொடுப்பதும் தவறு, வாங்குவதும் தவறு.

பெரிய தொகுதி மலைப்பாக இருந்தால் ஊராட்சி வார்டிலிருந்து தொடங்கலாம். பல மாநிலங்களில் கிராம ஊராட்சித் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல் நடக்கிறது. அங்கே வாக்காளர்கள் சில நூறு பேர்தான். வேட்பாளரை அவர்கள் நேரில் அறிவார்கள். தெருக்குழாய்க்கும் தெருவிளக்கும் முதலில் பதில் சொல்ல வேண்டிய இடமும் அதுதான்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊரின் முதல் தேவை எது?
2. அதற்காகச் சுயேச்சையாக நிற்பவரை முன்மொழிய 10 பேர் முன்வருவார்களா?