தற்காப்பு வாதம்: உரைகல் நீதிமன்றமே!

புதுதில்லி: கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டவர், உயிரைக் காத்துக் கொள்ளவே தாக்கியதாக மேல்முறையீட்டிலும் வாதாட முடியும். குற்றம்சாட்டப்பட்டவர் தற்காப்பு வாதத்தை எழுப்பத் தவறியிருந்தாலும், சாட்சியங்களில் அதற்கு இடமிருந்தால் நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என 1967-ல் முன்ஷி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

கூடுதல் சாட்சியம் தேவை எனக் கருதினால், மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் பதிவு செய்யலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 391-வது பிரிவு அளித்த இந்த அதிகாரம், 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 432-வது பிரிவாகத் தொடர்கிறது.

சாதாரணக் குடிமகன் நீதிமன்றப் படியேறி நிலைநாட்ட வேண்டிய இதே வாதத்தை, போலீஸார் கூறினால் விசாரணையின்றி ஏற்கலாமா? இக்கேள்வியை ஹைதராபாத் இருமுறை எழுப்பியுள்ளது.

5 நீதிபதிகள் தீர்ப்பு: போலீஸ் மோதலில் ஒருவர் இறந்தால் வழக்குப் பதிவு செய்ய வேண்டும், தற்காப்பு என்பது நீதிமன்ற விசாரணையில் நிரூபிக்கப்பட வேண்டியது என்று 2009 பிப்ரவரி 6-ல் ஆந்திர உயர் நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. பின்னர், 2014-ல் மோதல் மரணங்கள் குறித்து 16 நெறிமுறைகளை உச்ச நீதிமன்றமே வகுத்தது. வழக்குப் பதிவும், சுதந்திரமான புலன்விசாரணையும் அவற்றில் அடங்கும்.

சிர்புர்கர் ஆணையம்: 2019 டிசம்பர் 6 அதிகாலை, ஹைதராபாதை அடுத்த சட்டன்பள்ளியில், பெண் கால்நடை மருத்துவர் கொலை வழக்கில் கைதான 4 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். துப்பாக்கிகளைப் பறித்துச் சுட்டதால் திருப்பிச் சுட்டதாகப் போலீஸார் கூறினர். பொதுமக்கள் அவர்கள் மீது மலர் தூவினர்.

உச்ச நீதிமன்றம் நியமித்த, முன்னாள் நீதிபதி வி.எஸ். சிர்புர்கர் தலைமையிலான ஆணையத்தில், ராஜீவ் காந்தி கொலை வழக்கைப் புலனாய்வு செய்த டி.ஆர். கார்த்திகேயனும் இடம்பெற்றார். போலீஸாரின் விளக்கத்தை ஆணையம் நிராகரித்தது. கொல்லும் நோக்கத்துடனேயே சுட்டதாகக் கூறி, 10 போலீஸார் மீது கொலைக் குற்ற விசாரணை நடத்தப் பரிந்துரைத்தது. இறந்தவர்களில் 3 பேர் சிறார்கள் என்றும் தெரிவித்தது. 2022 மே மாதம் இந்த விவகாரத்தைத் தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்கு உச்ச நீதிமன்றம் அனுப்பியது.

ஆணையத்தின் அறிக்கை தீர்ப்பாகிவிடாது. அந்த 10 பேருக்கும் தற்காப்பு வாதத்தை முன்வைக்கும் உரிமை உண்டு. ஐயத்துக்கு இடமின்றி அதை அவர்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. அவ்வாறு நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் எனக் காட்டினால் போதும். ஆனால், அதைக் காட்ட வேண்டிய இடம் நீதிமன்றம். காவல் நிலையக் கோப்பு அல்ல.